இரட்டை விசில்

குடிகாடு ஸ்டாப்பிங்கில் வண்டி நின்றபோது என் மடியில் பதினோராம் வகுப்பு இயற்பியல் தேர்வுத் தாள்கள் இருந்தன. முப்பத்தெட்டில் பதினேழு திருத்தி முடித்திருந்தேன். வண்டி ஆடுகிற ஆட்டத்தில் சிவப்பு மை கோணலாகத்தான் விழும். 'பஸ்ஸுல போட்ட மார்க்கு' என்று பிள்ளைகள் தங்களுக்குள் சொல்லிச் சிரிப்பது எனக்குத் தெரியும். கடலூரில் ஓர் உதவிபெறும் பெண்கள் பள்ளியில், பெற்றோர் ஆசிரியர் கழகச் சம்பளத்தில் எனக்கு வேலை. வீடு சிதம்பரத்தில். காலையில் எந்தத் தனியார் பஸ்ஸில் போவேனோ அதே பஸ்ஸில்தான் மாலையில் திரும்புவேன். அந்த வண்டியின் கண்டக்டர் செந்தமிழ்செல்வன் என் கணவர்.

2007 ஜூலை, ஒரு செவ்வாய்க்கிழமை. ஐந்தேகால் மணி இருக்கும். கெமிக்கல் கம்பெனிகளில் ஷிஃப்ட் விட்ட நேரம் என்பதால் ஸ்டாப்பிங்கில் கூட்டம். நான் பின்படிக்கு எதிர்ப்புறம், வண்டிக்குள் நடக்கிற வழியை ஒட்டிய சீட்டில் இருந்தேன். அங்கிருந்து படி முழுக்கத் தெரியும். செல்வன் என் பக்கத்தில், படிக்கு முதுகைக் காட்டியபடி நின்று சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தார். நான்தான் பேச்சை எடுத்தேன்.

"என்னங்க, ஓனர்கிட்ட லீவு சொல்லிட்டீங்களா?"

முந்தின வாரம் அவருக்கு எம்ப்ளாய்மெண்ட் ஆபீசிலிருந்து கார்டு வந்திருந்தது. அரசு பஸ்ஸில் கண்டக்டர் வேலைக்கு நேர்காணல். பதினோரு வருஷப் பதிவுக்கு வந்த முதல் கார்டு. அதற்கு லீவு கேட்க அவர் தயங்கிக்கொண்டே இருந்தார். கேட்டால் முதலாளி வேறு ஆள் போட்டுவிடுவார் என்று பயம். நான் காலையிலும் கேட்டேன், மத்தியானம் போனிலும் கேட்டேன். மூன்றாவது முறை கேட்டபோது அவர் என் பக்கம் குனிந்தார்.

"வண்டியில வச்சிக் கேக்காதன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

சொல்லிவிட்டு விசிலை வாயில் வைத்து இரண்டு முறை ஊதினார். ஊதும்போது என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் பேச்சை நிறுத்துவதற்காகவே ஊதியதுபோல் இருந்தது.

அவர் தோளுக்குப் பின்னால் ஓர் அம்மாள் ஏறிக்கொண்டிருந்தாள். ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். வலது கை கம்பியை எட்டிப் பிடித்திருந்தது. இடது கையில் டிபன் தூக்கு வைத்த ஒயர் கூடை. நான் அவளைப் பார்த்தேன். விசிலையும் கேட்டேன். இரண்டுக்கும் நடுவே ஒரு நொடி இருந்தது. 'இருங்க' என்று கத்த ஒரு நொடி போதும். நான் அவர் மேலிருந்த கோபத்தில் உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

வண்டி எடுத்தது. படியில் இருந்த கால் வண்டியோடு முன்னால் போயிற்று. உடம்பு நின்ற இடத்திலேயே நின்றது. கம்பியைப் பிடித்திருந்த கை நழுவியதும் அவள் மல்லாக்க, பின்பக்கமாக விழுந்தாள். தேங்காயைத் தரையில் போட்டதுபோல் ஒரு சத்தம். தூக்கு உருண்டு போனது. யாரோ வண்டியின் தகரத்தைப் படபடவென்று அடித்தார்கள். வண்டி பத்தடி நகர்ந்து நின்றுவிட்டது.

அவளைத் தினமும் பார்த்திருக்கிறேன். ஒரு கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறவள். ஏறியதும் என் சீட்டுக் கம்பியில் சாய்ந்து நிற்பாள். சவுக்காரத்தில் ஊறி வெளுத்த விரல்கள் என் கண்ணெதிரே இருக்கும். ஒருநாள் என் மடியில் இருந்த தாள்களைப் பார்த்து, "இம்புட்டையும் நீயே படிக்கணுமா கண்ணு?" என்று கேட்டாள். அவள் பெயர் முத்தம்மாள் என்பது மறுநாள் பேப்பரைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டிருந்தது.

அன்றைக்கு மீதி இருந்த இருபத்தொரு தாள்களை மறுநாள் காலையில் திருத்த உட்கார்ந்தேன். ஐந்தாவது கேள்வி: 'நின்றுகொண்டிருக்கும் பேருந்து திடீரெனப் புறப்படும்போது பயணிகள் பின்னோக்கிச் சாய்வது ஏன்?' நான் தயாரித்த கேள்வித்தாள். பயணியின் கால் வண்டியுடன் நகர்கிறது, உடலின் மேற்பகுதி நிலைமத்தால் ஓய்வு நிலையிலேயே இருக்க முயல்கிறது. இருபத்தொரு பிள்ளைகள் இருபத்தொரு கையெழுத்தில் அதையேதான் எழுதியிருப்பார்கள். நான்கு தாளுக்கு மேல் முடியவில்லை. மிச்சத்துக்குப் படிக்காமலே முழு மார்க் போட்டேன்.

செல்வன் குளித்துவிட்டு வந்து அடுப்படி வாசலில் நின்றார். ராத்திரி முழுக்க ஸ்டேஷனில் இருந்துவிட்டு விடிந்து வந்திருந்தார். காப்பியைக் கொடுத்தேன். வாங்கி வைத்தார், குடிக்கவில்லை.

"நான் விசில் குடுக்கலன்னு எழுதிக் குடுத்துருக்கேன்," என்றார்.

நான் தாள்களை அடுக்கி நூலால் கட்டினேன்.

"பின்னாடி ஒரு வண்டி வந்து ஒட்டுனாப்புல நின்னுச்சி. அவன் ஊதுனது. டிரைவர் மாமா அதக் கேட்டுட்டு எடுத்துட்டாரு."

"பின்னாடி வண்டி இருந்துச்சா?"

"இருந்துச்சி."

இருந்தது உண்மைதான். ஆனால் அதில் யாரும் விசில் ஊதவில்லை. அந்த வண்டியிலிருந்து ஆட்கள் அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"கேஸுன்னு ஒண்ணு என் பேர்ல வுழுந்தா லைசென்ஸு போவும். நேர்காணலும் போவும். அவருக்கு அம்பத்தி ரெண்டு வயசு. இன்னம் எத்தினி வருஷம் ஓட்டப் போறாரு?" அவர் என்னைப் பார்க்காமல், சுவரில் மாட்டியிருந்த என் பட்டமளிப்பு போட்டோவைப் பார்த்துப் பேசினார். அண்ணாமலை நகரில் அவர் எனக்கு ஒரு வருஷம் சீனியர். அவரும் இயற்பியல்தான். பி.எஸ்சி.யில் இரண்டு பேப்பர் நின்றுபோய், அதை எழுதி முடிப்பதற்குள் வயது ஓடிவிட்டது. எம்.எஸ்சி. முடித்த நான் அவரைக் கட்டிக்கொண்டதற்காக என் வீட்டில் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. கண்டக்டர் பையை முதன்முதலாகத் தோளில் மாட்டிக்கொண்ட நாளில் அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனது நினைவிருக்கிறது. அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர்தான் டிரைவர் காத்தவராயன். உறவில்லை, மாமா மாப்ள என்று கூப்பிட்டுக்கொள்கிற பழக்கம்.

"நீ எதையும் பாக்கல. பேப்பர் திருத்திக்கிட்டு இருந்த," என்றார் செல்வன். பிறகு ஆறிய காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். எட்டு வருஷத்தில் அவர் தம்ளர் கழுவியது அன்றைக்குத்தான்.

காத்தவராயனை அன்றே கைது செய்து, மறுநாள் ஜாமீனில் விட்டார்கள். 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி' என்று எல்லா பஸ் விபத்துக்கும் எழுதுகிற அதே வரியை எழுதியிருந்தார்கள். முதலாளி வேறு டிரைவரைப் போட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், காத்தவராயன் தன் மனைவி விருத்தாம்பாளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். சண்டைக்கு வருகிறவர் பழத்தோடு வரமாட்டார் என்று பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவர் பருமனான மனிதர். நாற்காலியில் உட்காரும்போது கூட மெதுவாக, சத்தம் வராமல் உட்காருவார். வண்டியையும் அப்படித்தான் ஓட்டுவார். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது என் பேனா கோடு விலகாது. காலையில் பள்ளிக்கூட வாசல் ஸ்டாப்பிங் இல்லை என்றாலும், அங்கே வரும்போது தானாக வேகத்தைக் குறைப்பார். "டீச்சரு எறங்கிட்டாங்களா?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் எடுப்பார்.

"மாப்ள, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத," என்று செல்வனிடம் ஆரம்பித்தார். "நீ விசில் குடுத்தது எனக்கு நல்லா கேட்டுது. இருவத்தாறு வருஷமா விசில் கேக்காம கியரத் தொட்டதில்ல நானு. நீ குடுக்கலன்னு எழுதியிருக்கன்னு ஏட்டு சொல்றாரு. அதான் வெளங்கல."

"மாமா, சத்தியமா நான் குடுக்கல," என்றார் செல்வன். "பின்னாடி வண்டிக்காரன் ஊதுனான். ரெண்டும் ஒரே மாதிரி விசிலு. கூட்டத்துல ஒங்களுக்கு அது நம்ம விசிலு மாதிரி கேட்டுருக்கும்."

"அவன் ஊதுனானா?"

"ஊதுனான் மாமா. நான் காதால கேட்டேன்."

காத்தவராயன் மனசுக்குள் அந்த விசிலைத் திரும்பத் திரும்ப ஊதிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. விருத்தாம்பாள் என்னைப் பார்த்தாள். நான் பழத்தை உள்ளே கொண்டுபோய் வைக்கிற சாக்கில் எழுந்தேன்.

"அப்டியும் இருக்குமோ," என்று அவர் சொன்னது அடுப்படி வரை கேட்டது. "வயசாவுது. காது முன்ன மாதிரி இல்லியோ என்னமோ."

அவர் கத்தியிருக்கலாம். செல்வனின் சட்டையைப் பிடித்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் எனக்கும் ஒரு வழி கிடைத்திருக்கும், இடையில் விழுந்து ஏதாவது சொல்லியிருப்பேன் என்று பிற்பாடு நினைத்துக்கொள்வேன். அதுவும் பொய்தான். அவர் எங்களை நம்பினார். தன்னுடைய காதை விட எங்களை நம்பினார்.

போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நேர்காணல் எப்ப மாப்ள?" என்று கேட்டார். "வியாழக்கிழமை," என்றார் செல்வன். "நல்லபடியா முடியும்," என்றார் அவர்.

காத்தவராயனின் மகள் அறிவுமதி என் வகுப்பில்தான் படித்தாள். மூன்றாவது பெஞ்சில் ஜன்னலோரம். அதிகம் பேசமாட்டாள். அப்பாவின் அதே நிதானம். கணக்கு போடும்போது விடையை எழுதுவதற்கு முன் ஒருமுறை அலகைச் சரிபார்ப்பாள். விபத்துக்குப் பிறகு பத்து நாள் வரவில்லை. வந்த அன்று நான் விசைகளின் சமநிலை நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு பொருள் அசையாமல் இருப்பதால் அதன் மேல் விசையே இல்லை என்று பொருளில்லை, எதிரெதிர் விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்டிருக்கலாம் என்று கரும்பலகையில் படம் போட்டேன். சொல்லும்போதே என் குரல் எனக்கு வேறு யாருடையதோ போல் கேட்டது.

மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் அவள் ஒரு கோடு போட்ட நோட்டோடு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். உள்ளே நானும் தமிழாசிரியையும்தான் இருந்தோம். தமிழாசிரியை கை கழுவப் போனாள்.

"மிஸ், இது சரியான்னு பாத்துக் குடுக்கறீங்களா?"

இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். மேலே பஸ்ஸின் படம், ஸ்கேல் வைத்து வரைந்தது. பின்படி, ஸ்டாப்பிங் கல், விழுந்துகிடந்த உருவம், இடையே தூரங்கள். கல்லிலிருந்து உடல் கிடந்த இடம் மூன்றடி. வண்டி நின்ற இடம் பத்தடி. அவளே குடிகாட்டுக்குப் போய் அளந்திருக்கிறாள். கீழே வரிசையாக எழுதியிருந்தாள். காயம் பின்மண்டையில். ஆகவே விழுந்தது பின்னோக்கி. பிரேக் போட்டிருந்தால் முன்னோக்கி விழவேண்டும், முகத்தில் அடிபட்டிருக்கும். வண்டி ஓடிக்கொண்டிருந்து விழுந்திருந்தால் உடல் கல்லுக்குப் பக்கத்தில் கிடக்காது. ஆகவே வண்டி ஓய்வு நிலையிலிருந்து அப்போதுதான் புறப்பட்டது. முதல் கியர். பத்தடிக்குள் நின்றுவிட்டது. அந்த வேகம் என்ன என்று சமன்பாட்டில் போட்டு, ஆள் நடக்கிற வேகத்துக்குக் கொஞ்சம் மேலே என்று விடை கொண்டுவந்திருந்தாள். விடைக்குக் கீழே இரண்டு கோடு.

"அதிவேகம்னு போட்டுருக்காங்க மிஸ். நின்ன வண்டி எப்படி மிஸ் அதிவேகமாப் போவும்?"

தப்பே இல்லை. என் ஒன்பது வருஷ வேலையில் ஒரு பிள்ளை நான் நடத்தியதை இப்படி முழுசாக எடுத்து வெளியே கொண்டுபோய்ப் பயன்படுத்தியதை அன்றுதான் பார்த்தேன். "சரியா இருக்கும்மா," என்றேன்.

"வக்கீல்கிட்ட காட்டுனேன் மிஸ். நல்லா போட்டுருக்கன்னாரு. ஆனா இது மட்டும் போதாதாம். விசில் குடுத்தாங்களா இல்லையான்னுதான் கேஸே. குடுத்திருந்தா அப்பா மேல தப்பு இல்ல. அதுக்கு ஃபார்முலா இல்ல மிஸ்." நோட்டின் கடைசி வரியை விரலால் தொட்டாள். "யாராவது காதால கேட்டவங்க சொல்லணும்."

நோட்டை மூடி அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் எடுக்கவில்லை.

"மிஸ், நீங்க அந்த வண்டியிலதான இருந்தீங்க. சார் விசில் குடுத்தாரா மிஸ்?"

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. பாடத்தில் சந்தேகம் கேட்கிற அதே குரல். எனக்குத் தெரியும், எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன் என்ற நம்பிக்கை. ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் குழாயடியில் டிபன் டப்பா கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. செல்வனின் நேர்காணல் முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது. நன்றாகச் செய்திருப்பதாகச் சொன்னார்.

"நான் பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தேம்மா," என்றேன். "கவனிக்கல."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவளுக்கு விடை கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். அவள் கெட்டிக்காரி.

"சரி மிஸ்," என்று நோட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு ஒன்றே முக்கால் வருஷம் என் வகுப்பில் உட்கார்ந்தாள். கேள்வி கேட்டால் எழுந்து சரியான பதில் சொல்வாள். அவளாக எந்தச் சந்தேகமும் கேட்டதில்லை. பிளஸ் டூவில் இயற்பியலில் பள்ளியிலேயே முதல் மார்க். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினாள்.

வழக்கு 2009-இல் விசாரணைக்கு வந்தது. செல்வன் சாட்சி சொல்கிற அன்று நானும் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கடைசி நிமிஷத்தில் அவர் மாற்றிச் சொல்வார் என்று ஓர் ஆசை இருந்திருக்கலாம். அப்படி நடந்தால் என் பங்கையும் அவரே சேர்த்துத் தூக்கிக்கொள்வார். கடலூர் கோர்ட்டில் பின்வரிசைச் சுவரை ஒட்டி நின்றேன். கொஞ்சம் தள்ளி முத்தம்மாளின் புருஷன், கட்டம் போட்ட லுங்கியும் புதுச் சட்டையுமாக நின்றிருந்தார். ஒவ்வொரு முறை யாராவது வாயைத் திறக்கும்போதும் அவர் தன்னைக் கூப்பிட்டதுபோல் முதுகை நிமிர்த்துவார், பிறகு தளர்வார். அவள் பெயரை யாரும் சொல்லவில்லை. 'இறந்துபோன பெண்மணி' என்றார்கள்.

செல்வன் தெளிவாகப் பேசினார். விசில் கொடுக்கவில்லை. பின்னால் நின்ற வண்டியிலிருந்து விசில் சத்தம் வந்தது. ஆள் ஏறிக்கொண்டிருக்கும்போதே வண்டி புறப்பட்டுவிட்டது. குறுக்கு விசாரணையில் வக்கீல், "நீங்கள் அப்போது எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டார்.

"படியைத்தாங்க ஐயா பாத்துக்கிட்டு இருந்தேன்."

"பிறகு ஏன் டிரைவரை நிறுத்தச் சொல்லவில்லை?"

"சொல்றதுக்குள்ள விழுந்துட்டாங்க ஐயா."

அந்த ஒரு நொடியை அவர் தனதாக்கிக்கொண்டார். அது என்னுடையது. என்னிடம் இருந்ததில் அதுதான் மிச்சம், அதையும் எடுத்துப் பொய்யில் சேர்த்துவிட்டார்.

காத்தவராயனிடம் நீதிபதி கேட்டார். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"விசில் கேட்டுதுன்னு நெனைக்கிறேங்கய்யா."

"நினைக்கிறீர்களா, கேட்டதா?"

அவர் திரும்பி, கூட்டத்தில் யாரையோ தேடினார். விருத்தாம்பாளையாக இருக்கலாம். என் மேல் கண் பட்டது. அந்த இடத்தில் கூட, தெரிந்தவர்களைப் பார்த்தால் செய்வதுபோல் லேசாகத் தலையை அசைத்தார்.

"இப்ப உறுதியா சொல்ல முடியலங்கய்யா," என்றார்.

ஆறு மாதம் தண்டனை. லைசென்ஸ் ரத்து. கேப்பர் மலை ஜெயிலில் இருந்தார். அந்த வருஷம் முழுக்க நான் செல்வனின் வண்டியை விட்டுவிட்டு அரசு பஸ்ஸில் போய்வந்தேன். முதுகுவலி, தனியார் பஸ் வேகம் ஒத்துக்கொள்ளவில்லை என்று செல்வனிடம் சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியாது. நம்பியதுபோல் இருந்துவிட்டார். எங்கள் வீட்டில் எல்லாமே அப்படி ஆகிவிட்டது. சண்டை போடுவதே இல்லை. அக்கம்பக்கத்தில் எங்களைக் காட்டி, புருஷன் பொண்டாட்டி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பேசுவார்கள். அவர் உப்பு அதிகம் என்று சொல்லமாட்டார். நான் சம்பளம் எங்கே என்று கேட்கமாட்டேன். ஒருவர் ஒரு சொல் கூட அழுத்திச் சொன்னால் மற்றவர் எதைச் சொல்லிவிடுவாரோ என்ற பயம் இருவருக்கும் சமமாக இருந்தது.

அந்த நேர்காணலுக்கு 2010-இல்தான் அவருக்கு அரசு பஸ்ஸில் ஆர்டர் வந்தது. விருத்தாசலம் ரூட். அவர் வண்டியில் போனவர்கள் வந்து சொல்வார்கள். உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒரு கண்டக்டர் பார்த்ததில்லை, கடைசி ஆள் ஏறி உள்ளே வந்து கம்பியைப் பிடிக்கிற வரைக்கும் விசில் தரமாட்டார், வயதானவர்களைக் கை கொடுத்துத் தூக்கிவிடுவார், டிரைவர் திட்டினாலும் கேட்கமாட்டார். நான் சிரித்துவைப்பேன். அவர் ராத்திரியில் தூக்கத்தில் முனகுவதில்லை, கெட்ட கனவு கண்டு எழுவதில்லை. நன்றாகத் தூங்குகிறார். ஒரு நல்ல மனிதனாக ஆகிவிட்டார். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

எனக்கும் அடுத்த வருஷம் புவனகிரிப் பக்கம் அரசுப் பள்ளியில் போஸ்டிங் கிடைத்தது. ஒன்பதாம் வகுப்பில் நிலைமம் நடத்தும்போது பஸ் உதாரணத்தை எடுப்பதில்லை. கம்பளியைத் தட்டினால் தூசு விழுவது ஏன், மரக்கிளையை உலுக்கினால் பழம் விழுவது ஏன் என்று நடத்துவேன். புத்தகத்தில் பஸ் இருக்கிறதே மிஸ் என்று பிள்ளைகள் கேட்பார்கள். படித்துக்கொள்ளுங்கள் என்பேன்.

அறிவுமதியைப் பற்றி மற்ற பிள்ளைகள் மூலமாகக் கேள்விப்பட்டேன். இன்ஜினியரிங் இடம் வந்ததாம், போகவில்லை. அப்பா ஜெயிலில் இருந்தபோது ஒரு இறால் கம்பெனியில் எடை போடுகிற வேலைக்குப் போனாள், அப்படியே நின்றுவிட்டாள் என்றார்கள்.

2012 பிப்ரவரியில், தானே புயல் அடித்து ஒன்றரை மாதம் கழிந்து, அண்ணாமலை நகருக்குப் போனேன். எம்.பில். ஆய்வேட்டை பைண்டிங் செய்ய வேண்டியிருந்தது. சாலையோரத்தில் வேரோடு சாய்ந்த மரங்களை அறுத்து அடுக்கியிருந்தார்கள். நிழல் இருந்த இடமெல்லாம் வெயில். நான் தேடிப்போன பைண்டிங் கடை மாணவர்கள் தங்கும் ஒரு லாட்ஜின் கீழ்த்தளத்தில் இருந்தது. லாட்ஜின் வண்டி நிறுத்தும் கொட்டகையைப் புயல் தூக்கிப்போட்டிருந்தது. வெட்டவெளியில், மணல் கொட்டிய சரிவான தரையில், முப்பது நாற்பது மோட்டார் சைக்கிள்கள் நெருக்கி நிறுத்தப்பட்டிருந்தன. காக்கிச் சட்டை போட்ட ஒருவர் ஒவ்வொரு வண்டியாகத் தூக்கி நகர்த்திக்கொண்டிருந்தார்.

நான் அடையாளம் கண்டுகொள்வதற்கு முன் அவர் கண்டுகொண்டார்.

"டீச்சரா? வாங்க டீச்சர், வாங்க!"

காத்தவராயன் பாதியாகிவிட்டிருந்தார். சட்டை அவருடைய பழைய உடம்புக்குத் தைத்ததுபோல் தொங்கியது. சிரிப்பு மட்டும் மாறவில்லை. இங்கே வாட்ச்மேன் வேலை, எட்டு மாதமாகிறது, பசங்க நல்ல பசங்க என்றார். மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று கேட்டார்.

"கவர்மெண்டு வண்டிக்குப் போயிட்டாராமே. காதுல வுழுந்துது. ரொம்ப சந்தோசம் டீச்சர். படிச்ச புள்ள, அது எவ்ளோ நாளுக்குத் தனியார்ல கெடந்து அல்லாடும்?"

"அறிவுமதி எப்படிண்ணே இருக்கா?"

"இருக்குது. ஆவணியில கல்யாணம் பண்ணலாம்னு இருக்கோம்." ஒரு வண்டியின் ஹேண்டில்பாரை நேராக்கினார். "அது ஒங்களப் பத்தி ஒண்ணும் பேசாது டீச்சர். ஏன்னு தெரியல. நான் சொல்லுவேன், மிஸ்ஸு ஒன்ன எம்மாம் நல்லா படிக்க வச்சாங்கன்னு. மூஞ்சத் திருப்பிக்கும்."

நான் பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

"போன மாசம் காத டெஸ்ட் பண்ணிப் பாத்தேன் டீச்சர்," என்றார், ஒரு விந்தையைச் சொல்வதுபோல். "இந்த லாட்ஜுல தங்கிப் படிக்கிற டாக்டருக்குப் படிக்கிற தம்பி ஒண்ணு கூட்டிட்டுப் போச்சி. காதுல மிஷின மாட்டி, சின்னச் சின்னச் சத்தமா குடுத்து, கேட்டா பட்டன அமுக்குங்கன்னாங்க. எல்லாத்தையும் அமுக்கிட்டேன். இந்த வயசுக்கு இவ்ளோ நல்ல காது பாத்ததில்லன்னு சொல்லிட்டாங்க." சிரித்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. "அப்ப அன்னைக்கு எனக்கு என்னா ஆச்சின்னுதான் புரியல. அந்த அம்மா மொகம் கண்ணுலயே நிக்கிது. கேக்காத ஒண்ணு எப்படிக் கேட்டுது எனக்கு?"

வெயிலில் மோட்டார் சைக்கிள் கண்ணாடிகள் எல்லாம் கண்ணில் அடித்தன. "அண்ணே," என்றேன். "அன்னைக்கு வண்டியில..."

அப்போது வரிசையின் மறுகோடியில் ஒரு பையன் அவசரமாகத் தன் வண்டியை உருவினான். பக்கத்து வண்டி சாய்ந்தது. அது அதற்கடுத்ததன் மேல் சாய்ந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து, அந்தச் சத்தம் எங்களை நோக்கி ஓடிவந்தது. பையன் திரும்பிப் பார்த்துவிட்டு, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

காத்தவராயன் குறுக்கே பாய்ந்து ஒரு புல்லட்டைத் தாங்கிப் பிடித்தார். இடுப்பை அதன் டேங்கில் கொடுத்து, ஒரு காலைப் பின்னால் ஊன்றி, இரண்டு கையாலும் ஹேண்டில்பாரை அமுக்கினார். சரிவு அவரிடம் வந்து நின்றது. அவருக்கு அந்தப் பக்கம் பதினைந்து வண்டிகள் ஒன்றின் தோளில் ஒன்றாகச் சாய்ந்திருந்தன. இந்தப் பக்கம் மிச்ச வண்டிகள் அப்படியே நின்றன. அவர் கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. நகர்ந்தால் எல்லாம் போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்திருக்கும்.

"பசங்கள யாரையாவது கூப்புடட்டுமா?" என்றேன். என் குரல் வெளியே வந்ததா என்று தெரியவில்லை. நான் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"வருவானுங்க, வருவானுங்க. ஒண்ணுமில்ல." மூச்சு வாங்கியது. அந்த நிலையிலேயே முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பினார். நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. கண்ணைச் சிமிட்டிக்கொண்டார்.

"ஏதோ சொல்ல வந்தீங்களே டீச்சர். சொல்லுங்க."

பின்னால் ஊன்றியிருந்த அவருடைய செருப்புக்கால், மணலில் ஒரு கோடு கிழித்தபடி, மெல்ல மெல்ல என் பக்கமாகச் சறுக்கி வந்துகொண்டிருந்தது.